பதினாலு

ஞாயிறு தவறாமல் மூன்று மணித்தியாலம்
குனிந்தே கிடந்தேன் அந்தக் குளத்துக்குள்.
குளம் என்று சொன்னால் ஊர் சிரிக்கும்:
எட்டடி நீளம், ஐந்தடி அகலம்,
முழங்காலுக்கு ஒள்ளுப்பம் மேலே தண்ணீர்.
அழுக்கு மட்டும் வாவியளவு.

கச்சான் அடிக்கிற மாதங்களில்
வேப்பஞ்சருகு, ஆரையம்பதி மணல்,
எவர் வீட்டுக் கொடியிலோ காய்ந்த
ஒரு குழந்தைத் தொப்பி,
எல்லாம் எங்கள் வளவைத் தேடி வரும்.
மீன் தின்னாமல் விட்டதும்
தின்று விட்டதும்
அடியில் படிந்து ஊறி
தண்ணீர் பச்சைக் கஞ்சியாகும்.

ஆகாயத்தாமரை போடு, வேர் குடித்துவிடும்
என்றாள் பக்கத்து வளவு ஸ்டெல்லாமேரி.
சரளைத் தொட்டி கட்டு, நல்ல கிருமி வளரட்டும்,
ஆறு கிழமை பொறு
என்றது இவர் வாங்கிய புத்தகம்.
மண் போட்டு மூடு என்றது
என் நாரி.

காத்தான்குடி ஹாட்வெயாரில் நிலாப்தீன் காக்கா
பில்லின் பின்பக்கம் கீறிக் காட்டினார்:
ஒரு பரல், இரண்டு குழாய்,
உள்ளே முதலில் பிரஷ், பிறகு தடித்த பஞ்சு,
கடைசியில் சன்னப் பஞ்சு.
"கரையிறத்துக்கு முன்னுக்குப் புடிக்கணும் புள்ள.
கரைஞ்சா மறுகா
ஒரு பஞ்சுக்கும் அம்புடாது."

இவர் விலையைப் பார்த்தார்.
கரண்ட் பில்லை நினைத்தார்.
நான்தான் சொன்னேன், இதையே எடுப்போம்.
சொன்ன பிறகுதான்
வயிற்றுக்குள் ஏதோ கல்லாய் விழுந்தது.

ஏனென்றால்
இவர் பேப்பர் திருத்த அம்பாறையில் நின்ற பத்து நாளில்
ஒரு ஞாயிறு, நாரி விண்விண்ணென்று வலிக்க,
நேற்றே பரலில் பிடித்து ஆறவைக்க வேண்டிய தண்ணீரை
ஆறவைக்காமல்
நேரே பைப்பைத் திறந்து விட்டிருந்தேன்.
மருந்து மணத்தது தண்ணீர்.
மாலைக்குள் மூன்று மல்லாந்தன.
இரண்டு செம்மஞ்சள். ஒன்று
வெள்ளையில் ஒரேயொரு கறுப்புப் பொட்டு.
முருங்கையடியில் தோண்டி
மண்ணை மிதித்து மட்டமாக்கி
மேலே ஒரு பழைய வாளியைக் கவிழ்த்தேன்.

இவர் மீன்களுக்குப் பேர் வைக்கவில்லை, இடாப்பு வைத்திருக்கிறார்.
ஒன்று முதல் பதினாலு.
திரும்பி வந்து குனிந்து பார்த்தார், பச்சை.
ஏதோ ஒரு வால் அசைந்தது.
எல்லாரும் ஆஜர் என்று எழுந்து போனார்.

பத்து மாதம் பச்சைதான் என் துணை.

தண்ணீர் ஆறவைத்த அதே நீலப் பரலில்
துளை போட்டு, குழாய் வைத்து, பஞ்சு அடுக்கி
வெள்ளிக்கிழமை பம்பைப் போட்டோம்.
சனி, தேயிலைச் சாயம்.
ஞாயிறு, வெட்டிரும்பு ஆறிய தண்ணீர் போல.
திங்கள் கறண்ட் இல்லை; எனக்கொரு நாள் லீவு.
செவ்வாய் விடியப் பார்த்தால்
அடியில் கிடந்த பத்து ரூபாக் குற்றியில்
இலக்கம் தெரிந்தது.

இவர் தேத்தண்ணிக் கோப்பையோடு குந்தினார்.
உதடு அசைந்தது.
திரும்ப முதலில் இருந்து.
மூன்றாம் தரம் விரலால்.
நான் அடுப்படி ஜன்னலில்
ஒரே கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

"பதினொண்டு" என்றார்.
என்னிடம் இல்லை. தண்ணீரிடம்.

எழும்பி, பரலின் மூடியைத் திறந்து
தடித்த பஞ்சை எடுத்தார்.
ஐந்து நாள் அழுக்கு, புதுச் சாணம்போல் கனத்தது.
குளத்துத் தண்ணீர் ஒரு வாளியில் பிழிந்தார்.
வேலை ஏழு நிமிசம்.
மூன்று மணித்தியாலத்தில் மிச்சம் எவ்வளவு என்று
கணக்கு வாத்தியார் கணக்குப் பார்க்கவில்லை.

மண்ணிற வாளியைத் தூக்கி நடந்து
மதிலடி வாழையைத் தாண்டி,
கறிவேப்பிலையைத் தாண்டி,
முருங்கையடியில் கவிழ்ந்து கிடந்த
பழைய வாளியைக் காலால் தள்ளிவிட்டு
அந்த இடத்திலேயே ஊற்றினார்.

"இந்தப் பக்கக் கொப்பு மட்டும்
என்ன காய் காய்ச்சிருக்கு பார்" என்றார்
என்னைக் கிறுகிப் பாராமல்.
"இனி இஞ்சயே ஊத்து."

கோப்பையை வைத்துவிட்டு
கை துடையாமலே வெளியே வந்தேன்.