நாலாவது சோதனை

கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினேன்:
வண்டி ஒஸ்ரின் ஏ-போர்ட்டி, ஐம்பத்திரண்டாம் ஆண்டு.
எரிபொருள் மண்ணெண்ணெய்.
உசுப்ப மட்டும் பெற்றோல்,
பாணி மருந்துக் கரண்டியால் இரண்டு கரண்டி.
கரண்டி என்ன விலை என்று சூசைமுத்து கேட்டான்.
அதையும் எழுதினேன்.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது.
ஈரமாகவே உள்ளே போய்
பிளக்கை நனைத்துவிட்டு
வெள்ளைப் புகையாய் வெளியே வரும்.
உள்ளே இழுக்கும் மூச்சைச் சுடவைக்க வேண்டும்.
எவ்வளவு?
காய்ச்சல் பார்க்கும் தேர்மோமீற்றர்
முதல் நாளே வெடித்தது.
பிறகு மெழுகுதிரித் துண்டொன்று,
பற்றவைக்கும் ஈயத்தில் ஒரு பொட்டு,
குழாயில் ஒட்டிவிட்டுப் பார்த்திருந்தோம்.
மெழுகு வழிந்தால் அறுபது பாகை.
ஈயம் வழிந்தால் ஓடித் தப்பு.

ஒன்று: றேடியேற்றர் வெந்நீரைச் சுற்றவிட்டோம்.
மெழுகு வேர்த்தது. அவ்வளவுதான்.

இரண்டு: புகைக்குழாயின் கழுத்தில்
செப்புக்குழாய் எட்டுச் சுற்று.
எண்ணெய் வழியிலேயே கொதித்து
விக்கி விக்கி நின்றது.
திரும்ப உசுப்பிய நேரம் பொம்பர் வந்தது.
நிறுத்திவிட்டுப் பங்கருக்குள் இறங்கினோம்.
ஏறி வந்தபோது எல்லாம் ஆறிக் கிடந்தது.
கொப்பியில்: பொம்பர். இரண்டு கரண்டி நட்டம்.

மூன்று: பால்மா ரின்னை வெட்டிப்
புகைக்குழாய்க்குப் போர்த்து
அந்தச் சூட்டுக் காற்றைக்
காபரேற்றருக்குக் குடிக்கக் கொடுத்தோம்.
புகை அடங்கியது. சூசைமுத்து விசிலடித்தான்.
கனகசூரியர் ஆறு மூட்டை வெங்காயம் ஏற்றினார்.
கோப்பாய் தாண்டவில்லை,
தகரத்தில் கல்லுக் குலுக்கியதுபோல்
உள்ளே கடகடப்பு.
சூடான காற்று மெலிந்த காற்று,
சுமைக்கு ஆகாது.
சைக்கிளில் முந்திய ஒருவர்
திரும்பிப் பார்த்துக் கேட்டார்:
"தள்ளவோ?"

நாலாவதை நாங்கள் செய்யவில்லை.
இருபாலைச் சந்திக்கு முன்
குழியொன்றில் விழுந்தெழும்ப
ரின்னின் மூடி கழன்று போனது.
பாதிச் சூடு, பாதி வெளிக்காற்று.
கடகடப்பு நின்றது.
எஞ்சினே நின்றதென்று நினைத்து
சூசைமுத்து பிரேக்கை மிதித்தான்.
பிறகுதான் வண்டி ஓடுவது விளங்கியது.

வெங்காயத்தைச் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்பி
ஒரு மணித்தியாலம் மூடியைத் தேடினோம்.
மாட்டுவண்டில் ஏறி நசுங்கிக் கிடந்தது.
தட்டி நிமிர்த்தினான்,
பொருத்தக் குனிந்தான்.
"பொறு" என்றேன்.

கொப்பியில் நாலுக்கு நேரே
எழுத ஒன்றும் வரவில்லை.
அந்தக் கோணல் மூடியைத்
தாளில் வைத்து
சுற்றிக் கோடு கீறினேன்.