பத்தொன்பது

இருபது துணி உள்ளே போனது.
வெள்ளைப் பலகையில் என் கையெழுத்து,
நான்கு ஐந்துகளாய்.

பின்னிரவு இரண்டேகால்.
சட்பரியில் வெளியே மைனஸ் முப்பது.
மேசையில் வெய்க்கோ சால்மி,
நிக்கல் சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம்,
பனிவண்டி கவிழ்ந்து மண்ணீரல் கிழிந்து வந்தவர்.
மயங்குமுன் கேட்டது ஒன்றே:
"என் பூட்ஸ் எங்கே?"
பெயர்ச்சீட்டு ஒட்டி அலமாரி ஏழில் என்றேன்.

இப்போது பத்தொன்பது.

உரக்க எண்ணுவது ஆங்கிலத்தில்.
கூடவே உள்ளே தமிழில் ஒரு எண்ணிக்கை ஓடும்.
இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றால்தான்
எனக்கு மூச்சு வரும்.
இரண்டும் பத்தொன்பதில் நின்றன.

டாக்டர் லாஷான்ஸ் தைக்கக் கை நீட்டினார்.
பியரெட் அசையவில்லை.
ஊசி தட்டிலேயே கிடந்தது.
"வயிறு முழுக்கப் பார்த்துவிட்டேன். இல்லை.
ஆள் குளிர்ந்துகொண்டிருக்கிறார்."
உண்மைதான். திரையில் முப்பத்தைந்து புள்ளி ஒன்று.
முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் இருக்கும்போது
கோபமும் களைப்பும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

"ஒன்று குறைகிறது, டாக்டர்."
மூன்றாம் முறையும் அதையே சொன்னேன்.
குரல் நடுங்கியதா என்று பியரெட்டைப் பிறகு கேட்டேன்.
நடுங்கியதாம்.

எக்ஸ்ரேக்கு ஆள் வரும்வரை
குப்பைப் பையைத் தாள் விரித்துக் கொட்டி
இடுக்கியால் கிளறினேன்.
போன பிப்ரவரியில் இப்படியொரு பைக்குள் யாரோ போட்ட ஊசி
துப்புரவு செய்யும் இனேசின் தொடையில் ஏறியது.
ஆறு மாதம் ரத்தப் பரிசோதனை.
மகனுக்கு முதல் பல் ஆடியபோது
அவள் தொட்டுப் பார்க்கவில்லை.

பையில் இல்லை.
படத்திலும் இல்லை: விலா, பழைய முறிவுக்கு வைத்த தகடு,
வேறொன்றும் இல்லை.
பிறகு, தொங்கவிட்ட துணிகளில்
பதினொன்றாவதை எடுத்தபோது கனத்தது.
ரத்தம் பசையாகி இரண்டு துணி ஒன்றாய்.
பிரித்தேன். நீலக்கோடு இரண்டு.

பிழை என்னுடையது.
இருபத்திரண்டு நிமிடம்.
படிவத்தில் அப்படியே எழுதினேன்.
லாஷான்ஸ் ஒன்றும் பேசாமல் தைத்தார்.
கடைசித் தையல் முடிந்து ஊசியைத் தட்டில் வைக்கையில்
"ஊசி" என்று உரக்கச் சொன்னார்,
ஒருநாளும் சொல்லாதவர்.

ஏழு மணிக்கு அலமாரியைத் திறந்து பார்த்தேன்.
பூட்ஸ் இரண்டு.
தோலில் சாலை உப்பு வெள்ளையாய்க் காய்ந்திருந்தது.

இனேஸ் பைகளை எடுக்க வந்தாள்.
உடம்பில் படாமல்
கையை முழுக்க நீட்டி
ஒவ்வொன்றாகத் தூக்கினாள்.
எல்லாமே கனமான பைகள்.