விடுப்புப் படிவம்

வினிபெக்கில் நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை
ஒருவருக்கும் தலைமயிர் கிடையாது.
கம்பளித் தொப்பிகள் ஏறும், கம்பளித் தொப்பிகள் இறங்கும்.
பன்னிரண்டு வருடமாய்
போர்ட்டேஜ் அவென்யூவில் நான் ஓட்டும் பஸ்ஸில்
இதுதான் கூட்டம்.

"இந்தக் குளிருக்குள்ள உனக்கென்னத்துக்கு மயிர்?"
டிப்போவில் டோனட்டைக் கடித்தபடி கேட்டான் குகதாசன்.
நியாயமான கேள்வி.
ஒன்பதாயிரத்து நானூறு டொலர் பெறுமதியான
நியாயமான கேள்வி.
அந்தக் காசுக்கு நிலவறையில் இருமிக்கொண்டிருக்கும்
ஃபர்னஸை மாற்றலாம்.

மயிரைக் கட்டி மலையை இழு,
வந்தால் மலை, போனால் மயிர் என்பார்கள்.
சொன்னவனுக்கு
மயிர் மிச்சம் இருந்திருக்கிறது.

காரணம் வேறு.
பள்ளிக்கூடத்தில் மகள் எங்கள் வீட்டை வரைந்தாள்.
சாப்பாட்டு மேசை. அம்மாவின் கையில் காப்பு.
தம்பிக்கு முன்பல் இல்லை.
எனக்கு நீலத் தொப்பி.
வீட்டுக்குள்ள ஏனம்மா தொப்பி என்றேன்.
"அப்பா எண்டா அப்பிடித்தானே."
கையை உயர்த்தித் தலையைத் தொட்டேன்.
தொப்பி இருந்தது.

டொக்டர் என் நெற்றியில் பேனாவால் கோடு போட்டார்.
இன்னும் கொஞ்சம் கீழே என்றேன்.
அறுபது வயதிலும் இதே கோட்டோடுதான் இருப்பீர்கள் என்றார்.
இருபத்தைந்தை வாங்க வந்தவன்
நாற்பத்துமூன்றுக்கு ஒத்துக்கொண்டேன்.
பின்தலையில் இரண்டாயிரத்து இருநூறு வேர் எடுத்து
முன்னுக்கு நடுவார்களாம்.
புதிதாய் ஒன்றும் வருவதில்லை.
ஒரு வங்கிக் கணக்கில் எடுத்து
இன்னொன்றின் பள்ளத்தை மூடுகிற வேலை;
மாதக் கடைசிகளில் எனக்குப் பழக்கமானது.

தாதி மாஹ்னூர் ஒரு தாள் தந்தாள்.
முதல் நாலு இரவு சாய்ந்திருந்தபடி உறங்க வேண்டும்.
அதற்கென்று டிரான்ஸ்கோனாவில் ஒருவரிடம்
எண்பது டொலருக்கு ஒரு சாய்வு நாற்காலி பேசி எடுத்தேன்.
மெத்தை முழுக்க நாயின் மயிர்.
அரை மணிக்கொரு தடவை உப்புத்தண்ணீர் தெளிக்க வேண்டும்,
குனியக் கூடாது, பனி வழிக்கக் கூடாது
(அதை இப்போதே மூத்த மருமகனிடம் சொல்லிவைத்தாயிற்று).
மூன்றாம் நாள் நெற்றி வீங்கி
வீக்கம் கண்ணுக்கு இறங்கும்.
பிறகு பொருக்கு உதிரும்.
பிறகு, மூன்றாம் கிழமையளவில்,
நட்டதெல்லாம் கொட்டும்.
பயப்பட வேண்டாம், வேர் உள்ளேதான் என்று
தடித்த எழுத்தில் போட்டிருந்தது.
தடித்த எழுத்தில் போட்ட எதற்கும்
நான் பயப்படுவேன்.

மார்ச் விடுமுறையை எனக்கு மூத்த சாரதிகள் எடுத்துவிட்டார்கள்.
மிஞ்சியது பெப்ரவரி இரண்டாம் கிழமை.
மைனஸ் முப்பது. ஒருவரும் கேட்காத நாட்கள்.
படிவத்தில் 'காரணம்' என்று ஒரு பெட்டி.
மருத்துவம் என்று எழுதி வெட்டினேன்.
குடும்பம் என்று எழுதினேன்.
அதுவும் பொய்யில்லை.

சுகிர்தா செய் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
சமையலறைக் கலண்டரில்
தன் பல்வைத்தியரை மார்ச்சுக்குத் தள்ளினாள்.
இரவு, விளக்கை அணைத்த பிறகு,
"கிளினிக் வாசல்ல இருந்து காருக்கு எத்தின அடி?" என்றாள்.
இருபது இருக்கும்.
"ஹீட்டரைப் போட்டு வாசலோட நிப்பாட்டுறன்.
நடுவில நிண்டு ஆரோடயும் கதைக்காதேங்கோ."

மகளிடம் நேற்றுத்தான் சொன்னோம்.
அப்பாவுக்குத் தலையில் சின்ன வேலை,
பத்து நாள் வீட்டில்தான்,
பத்து நாளும் தொப்பி போடக் கூடாது.

வர்ணப் பென்சில் பெட்டியைத் திறந்தவள்
நீலத்தை எடுத்தாள், திரும்ப வைத்தாள்.
என் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"அப்ப,
அதுக்கு என்ன கலர்?"