மணலுக்கு முன் கல்

பகல் முழுக்கக் குருநகர் ஐஸ் வாடியில்
செத்த மீனுக்குக் கணக்கெழுதுகிறேன்.
விளைமீன் நாற்பது கிலோ, பாரை பதினெட்டு,
சூடை பெட்டியோடு.
இரவில் வந்து
ஒரு மீனும் இல்லாத தொட்டிக்கு முன்னால் குந்துகிறேன்.
இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி உயரம்.
ஒழுகாது என்று கடைக்காரன் மூன்று தரம் சொன்னதால்
மூன்று நாள் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன்.

கல்லுக்காகக் கடலுக்குப் போகவில்லை.
உயிரோடிருப்பதை உடைப்பது குற்றம்;
குற்றமில்லாவிட்டாலும் மனம் வராது.
கொய்யாத்தோட்டத்தில் வாய்க்கால் அகட்ட
ஒரு மதிலை இடித்துப் போட்டிருந்தார்கள்.
சாந்து உரிந்த இடத்தில் கல்லின் முகம் தெரிந்தது:
பொட்டுப் பொட்டாய் நட்சத்திரக் குழிகள்,
மூளை மடிப்புப் போல வரிகள்.
முருகைக்கல்.
ஒரு காலத்தில் தின்றது, வளர்ந்தது, பெருகியது.
பிறகு ஆட்டையும் மாட்டையும் அயலானையும்
வெளியே நிறுத்திவைத்தது.
பதினொரு துண்டு பொறுக்கினேன்.
சைக்கிள் கரியரில் நாலு நடை.

வினாகிரி, தும்புக்கட்டை, மழைப் பீப்பாவில் மூன்று கிழமை.
பிறகு பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தால்
ஒவ்வொரு கல்லையும் தடவினேன்.
இரும்பு இருந்தால் தண்ணீர் கெடும்,
வேறு காரணமில்லை.
பத்துக் கல் பேசாமல் இருந்தன.
ஒன்றில்,
சின்னிவிரல் நுழையும் துளையருகில்,
காந்தம் என் கையை விட்டுப் பாய்ந்து ஒட்டிக்கொண்டது.
"ஆணியாய் இருக்கும்" என்றேன்.
"மதிலிலை ஆர் ஆணி அடிக்கிறது?" என்றாள் அக்கா.
நான் பதில் சொல்லவில்லை.
அவளும் திருப்பிக் கேட்கவில்லை.
அந்தக் கல் இப்போது குசினிக் கதவைக்
காற்றில் அடிபடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் கல், பிறகுதான் மணல்.
மணல்மேல் கல்லை வைத்தால்
என்றோ வரப்போகும் ஒரு உளுவை
வளை தோண்டித் தோண்டித்
தன் கூரையைத் தன் தலையிலேயே இறக்கிக்கொள்ளும்.

முதலாவதாய்க் கட்டியது மாதா கெபி போல வந்தது.
அக்கா ஒரு சின்னச் சொரூபம் கொண்டுவந்துவிட்டாள்.
கலைத்தேன்.
இரண்டாவது, பாலம்.
விடியப்புறம் இரண்டு மணிக்கு விழுந்தது;
தண்ணீர் விடாத தொட்டி, நல்லகாலம்.
மூன்றாவதில் வடிவை விட்டுவிட்டேன்.
எந்தக் கல் எந்தக் கல்லில் தானாகப் போய் இருந்ததோ
அங்கேயே இருக்கட்டும் என்று கையை எடுத்தேன்.
கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில்
பாசி துடைக்க மூன்று விரல் இடம்.
மேசையைக் குத்தினேன். அசையவில்லை.
இன்னொருக்கால் குத்தினேன்.

சாட்டி மணல், ஐந்து பால்மாப் பேணி.
பதினாலாவது வாளியில்தான் தண்ணீர் தெளிந்தது.

"உனக்கென்ன விசரே?" என்றார் றெமீஜியஸ் அத்தான்.
"கடல் உதிலைதானே கிடக்கு.
அதைக் கொண்டந்து ஏன் அடைக்கிறாய்?"
கேட்டுக்கொண்டே இரண்டு கான் இறக்கினார்.
பரவைக்கடல் மாரியில் தண்ணிப்பால், கோடையில் உப்பளம் என்று
மண்டைதீவுக்கு அப்பால் போய் அள்ளியது.
பீங்கானைக் கவிழ்த்து அதன்மேல் மெல்ல ஊற்றியும்
தொட்டி கஞ்சியாய்க் கலங்கிற்று.
கல்லும் இல்லை, மணலும் இல்லை,
என் மூன்று கிழமையும் இல்லை.

காலையில் எல்லாம் திரும்பி வந்திருந்தன,
மா பூசிக்கொண்டு.

இன்னும் ஆறு கிழமைக்கு மீன் விடக்கூடாது.
ஒரு இறால் துண்டை அழுகப் போட்டிருக்கிறேன்.
கண்ணுக்குத் தெரியாததுகள் முதலில் குடிவரவேண்டும்.
"மீன் எங்கை?" என்று கேட்டுக் களைத்துப்போய்
பக்கத்து வீட்டுப் பொடியன் வருவதை நிறுத்திவிட்டான்.

நேற்று இரவு அத்தான் வந்தார்,
வலை இழுத்த ஈரம் சாரத்தில் காயாமல்.
தேத்தண்ணி ஆறும்வரை வெறுந்தொட்டியைப் பார்த்தார்.
பிறகு இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள ஒரு இருட்டைத் தொட்டுக்காட்டி,
"மீன் இருந்தால் உதுக்கைதான் நிக்கும்,
நீவாட்டுக்கு முகத்தைக் குடுத்துக்கொண்டு" என்றார்.

கண்ணாடியின் வெளிப்பக்கம் அவர் விரலடையாளம்,
உப்பும் ஒரு சூடைச் செதிலும்.
துடைக்கவேணும்.