பதினேழாம் மிஷின்

வலை கிழியவில்லை,
முடிச்சே விழவில்லை என்று
முட்டம் படகுக்காரர் ஒருவர் புகார் சொல்லியிருக்கிறார்.
பேல் அட்டையில் கட்டம் கட்டமாய் ஒரு படம் உண்டே,
அதைப் போனில் காட்டினாராம்.
அது எல்லாவற்றையும் சொல்லிவிட்டது:
நாகர்கோவில் ஆலை, பதினேழாம் மிஷின்,
ராத்திரி ஷிப்ட், மணி மூன்று பன்னிரண்டு,
ஆபரேட்டர் எஸ். கில்டா.

நான்தான்.

சூப்பர்வைசர் ஜெபசிங் திரையைத் திருப்பிக் காட்டினார்.
நேராய்ப் போகிற பச்சைக் கோட்டில்
ஒரு சிவப்புப் பல்.
நூல் அறுந்தது, மிஷின் நின்றது,
நான் கோர்க்காமலே 'சரி' பொத்தானை அமுக்கினேன்.
நாலு நிமிசம் இருபது செகண்ட்
அது வெறும் ஊசியை ஆட்டிக்கொண்டிருந்தது.

நான் எங்கேயும் போகவில்லை.
அங்கேதான் நின்றேன்.
ஏப்ரனுக்குள் போன்,
போனுக்குள் கடல்,
கடலில் ஒரு மஞ்சள் புள்ளி:
தேங்காப்பட்டணத்துப் படகு, பதினாலு ஆள்,
அதில் ஒருத்தர் எனக்க வீட்டுக்காரர்.
டிரான்ஸ்பாண்டர் வைத்த நாள்முதல்
வீட்டில் அவருக்குப் பதில் அந்தப் புள்ளிதான் குடியிருக்கிறது.
சோறு வடிக்கும்போது பார்ப்பேன்.
கம்பெனி வேனில், ராஜாக்கமங்கலம் வளைவில் சிக்னல் போகும்,
திரும்ப வருகிறவரை பார்ப்பேன்.

அன்றைக்கு மூன்று ஏழுக்குப் புள்ளி சாம்பல் ஆனது.
பாட்டரியா, மழையா,
மேலே சுற்றுகிற செயற்கைக்கோளுக்குத் தூக்கமா,
ஒன்றும் சொல்லாது.
முப்பது மிஷின் தடதடக்க
இரண்டு விரலால் கடலை விரித்து விரித்துத் தேடினேன்.
மூன்று பதினாறுக்கு மஞ்சள் வந்தது,
கொஞ்சம் மேற்கே தள்ளி.
மீன் கண்டு திருப்பினார்களாம்,
பிறகு சொன்னார், சாதாரணமாய்.

என்னுடைய நாலு நிமிசம்
ஒரு சூரை தாராளமாய் நுழைகிற ஓட்டையாகி
முட்டத்தில் இறங்கியிருக்கிறது.
அதுவழியாய்த் தப்பின மீன்
எங்க ஆளுக்க வலையில் போய் விழுந்ததா?
அந்தக் கணக்குக்கு இன்னும் மிஷின் வரவில்லை.

காரணம் ஒன்று தேர்ந்தெடுத்தால்தான்
திரை மூடும் என்றார் ஜெபசிங்.
நூல் தரம். மின்தடை. மனிதப் பிழை.
"வேற எழுத எடம் உண்டா சார்?"
கீழே உருட்டிப் பார்த்தார். "இல்ல கேட்டியா."
மூன்றாவதைத் தொட்டார்.
மூணு நாள் போனஸ் போச்சு.

அடுத்த மாசம் பதினேழுக்குக் காமிரா வருகிறது.
விட்டுப்போன முடிச்சை அதுவே பார்த்து நிறுத்துமாம்,
'சரி' பொத்தான் இருக்காதாம்.
போனை லாக்கரில் வைத்துவிட்டு வரணும்.

நான் கேட்டேன்:
"இம்புட்டு பெரிய திரை,
ஒரு மூலையில அந்தப் புள்ளியையும்
போட்டு வச்சா என்ன?"

ஜெபசிங் சிரித்தார்.
திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.
டீ மணி அடித்து, டீ ஆறி,
நான் பாபின் மாற்றிக்கொண்டிருந்தபோது வந்து கேட்டார்,
படகு நம்பர் என்ன என்று.