பிர்ச் இலை விடும் மாதங்கள்

மே பிறந்தால் எங்கள் வீட்டில்
இணையம் மெலியத் தொடங்கும்.
கோபுரத்துக்கும் கூரை ஆன்டெனாவுக்கும் நடுவே
ராய்வோவின் பதினேழு பிர்ச் மரங்கள்
ஒரே வாரத்தில் இலை விட்டுவிடும்.
பனிக்காலம் முழுக்கத் துல்லியமாக வந்த
ஊர்மஸின் முகம்
கட்டம் கட்டமாக உதிரும்.
வடகடலின் எண்ணெய் மேடையிலிருந்து
"கேக்குதா, கேக்குதா" என்பான்.
கேட்கும்.
பாதி மூக்கு, ஒரு காது,
பின்னால் யாருடையதோ சிவப்புத் தலைக்கவசம்.

கேபிள் போட்டுவிடலாம் என்றாள்
கேர்ட்லாவிலிருந்து வந்த நிறுவனத்துப் பெண்.
சாலையிலிருந்து வீடு வரை இருநூற்றுப் பத்து மீட்டர்.
அதில் நாற்பது ராய்வோவின் நிலம்.
"இங்கே அவர் கையெழுத்து மட்டும் போதும்."
மட்டும் என்பதை
எவ்வளவு லேசாகச் சொல்லிவிடுகிறார்கள்.

ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.
ஒரு வாய்க்கால்,
அதில் செத்துக் கிடந்த எங்கள் ஆட்டுக்குட்டி.
முதலில் கத்தியது யார் என்று
ஊர்மஸுக்கு ஒரு மாதிரி நினைவு, எனக்கு வேறு மாதிரி.

காற்றில் வருவது
யாரிடமும் வழி கேட்பதில்லை.
அதுதான் அதில் எனக்குப் பிடித்தது.
மாதம் முப்பத்தொரு யூரோ,
எவன் வாசலிலும் போய் நிற்க வேண்டாம்.
கம்பி மண்ணுக்குள் இறங்கும் முன்
நான் இறங்கிப் போக வேண்டும்.

மோடத்தை மாடி ஜன்னலில் வைத்தேன்.
குளியலறையில் வைத்தேன்.
பன்னிரண்டு மீட்டர் கம்பத்துக்கு விலை கேட்டேன்,
கேட்டு, போனை வைத்துவிட்டேன்.
மூன்றாம் வாரம் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு
படிவத்தை மழைக்கோட்டுக்குள் செருகி
வாய்க்காலைத் தாண்டினேன்.

ராய்வோ கதவைப் பாதி திறந்தான்.
"மரத்தை வெட்டச் சொல்லி வந்தியா?"
"வெட்ட வேண்டாம்" என்று
தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னேன்.
ஒரு பக்கப் படிவத்தை
நான்கு பக்கம் போலப் படித்தான்.
பேனா அவனிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.
இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்தபோது
அவன் முதுகு சொன்னது:
"எனக்கும் இலை விட்டா எதுவும் வராது.
என் மரந்தானே, யாரைத் திட்ட?"
தச்சுப் பென்சிலால் போட்டான்.
பென்சில் செல்லுமா என்று
நானும் கேட்கவில்லை, அவனும்.

ஆகஸ்ட்டில்தான் தோண்டுவார்களாம்.

அன்றிரவு ஊர்மஸிடம் சொன்னேன்,
ராய்வோ கையெழுத்துப் போட்டான் என்று.
வாய் திறந்தபடி அவன் முகம்
அப்படியே நின்றுவிட்டது.
ஆச்சரியமா, இலையா,
தெரியவில்லை.
"கேக்குதா?" என்றேன்.