ஒரு வரி மிச்சம்

கிளாக்ஸ்விக் துறைமுக அலுவலகம். விடிய இன்னும் நேரம் கிடக்கிறது.
கறுப்புத் திரையில் மார்யுன்
ஒற்றை வரிக் கட்டளை தட்டினாள்:
வெறும் எழுத்துக் கோப்பே, தாளாகு.

அச்சுப்பொறி கனைத்தது.
பெயர்களின் நடுவே குட்டிக் குட்டிக் கட்டங்கள்;
தீவின் எழுத்தொன்றை அதற்குத் தெரியவில்லை.
குறியாக்கம் இன்னதென்று சொன்னாள்.
இப்போது எல்லாரும் வந்தார்கள்,
மாலுமிகள், இயந்திரக்காரர், வலை தைப்பவர்.
சமையற்காரன் ஹியல்கிரிம் மட்டும்
அடுத்த தாளின் உச்சியில்.
அவனுக்குக் கீழே முழு வெள்ளை.

அப்படியே கொடுக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்?
ஆனால் இரண்டாம் தாளை
இந்த ஊர்க் காற்று என்ன செய்யுமென்று தெரியும் அவளுக்கு.

எழுத்தளவு பத்து, ஒன்பதரை ஆனது.
ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் பிடுங்கினாள்.
ஏறிக்கொண்டான்,
முன்னவன் தோளை இடித்தபடி.

வெளியே கப்பல் ஊதியது.
சூடு ஆறாத ஒற்றைத் தாளைக்
கோட்டுக்குள் செருகி ஓடினாள்,
பித்தான் போட மறந்து.